வீட்டுக்குப் போவதற்கும் ஒரு வேற்றுமை

குரோவேஷியாவின் மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 42.8 லட்சம், 2021-இல் 38.7 லட்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-இல் இணைந்தபின் அந்நாட்டு இளைஞர்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் வேலை தேடிச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பணிகளுக்கு நேபாளம், பிலிப்பின்ஸ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர்கள் வருகின்றனர். பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலைக்கு வந்தவர் அன்றாடம் சொல்ல வேண்டிய 'வீட்டுக்குப் போகிறேன்' என்ற சிறு தொடரில்தான் அம்மொழி அவரை இடறச் செய்கிறது.

'பள்ளிக்குப் போகிறேன்' என்பதற்கு 'இதெம் உ ஷ்கோலு' என்பர். 'உ' என்பது பெயருக்கு முன் வரும் இடைச்சொல். பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். குரோவேஷிய மொழியில் வீடு 'குச்சா'. எனவே, மாணவர் அதே விதிப்படி 'இதெம் உ குச்சு' என்கிறார். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால், கேட்பவருக்கு அது 'கட்டடத்துக்குள் நுழைகிறேன்' என்றே பொருள்படும். இல்லம் திரும்புவதைச் சொல்ல 'இதெம் குச்சி' என வேண்டும். இங்கு இடைச்சொல் இல்லை; பெயர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறது.

ஆங்கிலேயருக்குப் புதிராகும் இவ்வமைப்பு நமக்கு எளிது. நம் 'கு' உருபும் கொடைக்கும் திசைக்கும் ஒருசேர வருவதுதானே! (நம் 'குச்சு வீடு' நினைவுக்கு வரலாம்; ஒலி ஒற்றுமை தற்செயலே, உறவு கொண்டாட வேண்டாம்.) ஆனால், 'வீட்டில் இருக்கிறேன்' என்னும்போது நமது எளிமை உதவாது. இல்லத்தில் இருப்பது 'கோத் குச்சே'. கட்டடத்தினுள் இருப்பது 'உ குச்சி'. தமிழில் இரண்டுக்கும் 'வீட்டில்' போதும்.

குழப்பம் வேண்டாதவர்க்கு 'தோமா' என்ற சொல் உண்டு. போவதற்கும் இருப்பதற்கும் அது ஒன்றே. ஜாக்ரெப் பேச்சில் மிகப் பரவலானது. புதிதாகக் கற்போர் இதிலிருந்து தொடங்குவதே நலம் என்பேன்.

'இதெம் குச்சி' எனச் சொல்ல வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பணி முடிந்து வாடகை அறைக்குத் திரும்புபவரும் அதையே சொல்வார். ஒப்பந்தம் முடிந்து தாய்நாட்டுக்குப் புறப்படுபவரும் அதையே சொல்வார். நாமோ பின்னதை 'ஊருக்குப் போகிறேன்' என்று பிரித்துச் சொல்கிறோம்.