சம்பந்திக்கு எழுதிய கடிதமும் சரித்திரம்தான்

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அப்போது சேலத்துக்குள் அடக்கம். ஆகவே ஒகேனக்கல்லில் காவிரியின் இக்கரையில் மதுவிலக்கு வந்தது. அக்கரை அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா; அங்கே அந்தச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. பரிசலில் ஏறி ஆற்றைக் கடந்தால் வேறு நியாயம். இந்த விசித்திர எல்லைக்குக் காரணமானவர் சென்னை மாகாணத்தின் அன்றைய பிரதமர் ராஜாஜி. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் ஊர் முன்சீப்பின் மகனாக 1878-இல் பிறந்தவர். சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். முதலில் சேலம் ஏன் என்ற கேள்விக்கு அரசாணையை மட்டும் படித்தால் முழு விடை கிடைக்காது. மனைவியை இழந்த தகப்பனாக, இளைய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் தொடங்கி, பிறகு கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகை நடத்தினாரே, அந்த வருடங்களையும் சேர்த்துப் படித்தால்தான் விடை பிடிபடும். அரசியல்வாதியின் வீட்டு வாழ்க்கையை ஒதுக்கிவிட்டு எழுதும் வரலாறு அரைகுறை வரலாறு. வீட்டுக் கடிதங்களை வம்புக்கான தீனி என்று ஒதுக்குவது தவறு. அவை அரசியல் ஆவணங்கள்.

இதற்குத் தெளிவான சாட்சி வேல்ஸ் நாட்டிலிருந்து வருகிறது. 1916 முதல் 1922 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த லாய்ட் ஜார்ஜ் 1885-லிருந்து 1936 வரை குடும்பத்தோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை, வரலாற்றாசிரியர் கென்னத் மார்கன் 1973-இல் தொகுத்து வெளியிட்டார். லாய்ட் ஜார்ஜ் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட, செருப்புத் தைக்கும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். 1890 இடைத்தேர்தலில் வெறும் 18 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் போனார். மனைவி மார்கரெட்டுக்கு லண்டன் பிடிக்கவில்லை. வேல்ஸிலேயே இருக்க விரும்பினார். அதனால்தான் இத்தனை கடிதங்கள். ஊரில் தம்பி வில்லியம் இருவருக்கும் பொதுவான வக்கீல் அலுவலகத்தைத் தனியாளாகக் கட்டி இழுத்தார். அன்று நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. அண்ணனின் அரசியலுக்கு அடுப்பெரித்தது தம்பியின் உழைப்பு. 1911-இல் உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் கொண்டுவந்த நிதியமைச்சர் யார் தெரியுமா? இதே லாய்ட் ஜார்ஜ்தான். தீர்மானத்தின் வாசகத்தில் ஜனநாயகக் கொள்கை இருக்கிறது. பணமில்லாத வீட்டிலிருந்து அரசியலுக்கு வருவது என்றால் என்ன என்பது அந்தத் தம்பியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் 1911 புரியும்.

அதே தொகுப்பில் நாயகனைக் கூசவைக்கும் சாட்சியும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு மார்கரெட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், வாழ்க்கையில் முன்னேறுவதே தன் தலையாய குறிக்கோள் என்றும், குறுக்கே வந்தால் காதலையும் ஜகந்நாதர் தேர்ச்சக்கரத்தின் கீழே தள்ளத் தயார் என்றும் சொல்லிவிடுகிறார். (பூரித் தேர் வேல்ஸ் கிராமத்து இளம் வக்கீலின் பேனாவுக்குள் போன வழி தனிக் கதை.) எந்த மேடையிலும் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பின்னாளில் கட்சியையும் நண்பர்களையும் அவர் கையாண்ட விதத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஒரு வாக்குமூலம் பல நூறு பக்க விமர்சனத்துக்குச் சமம்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ராஜாஜியின் கடிதங்கள்தான். காந்திக்கும், மருமகன் தேவதாஸ் காந்திக்கும், பேரன் கோபாலகிருஷ்ண காந்திக்கும் அவர் எழுதியவற்றை அந்தப் பேரனே தொகுத்து, ‘மை டியர் பாபு’ என்ற பெயரில் 2017-இல் நூலாக்கினார். தலைவராகவும் சம்பந்தியாகவும் ஒரே ஆள் அமைந்த உறவு இந்திய அரசியலில் அபூர்வம். காந்தியின் மகன் தேவதாஸும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் மணந்துகொள்ள விரும்பியபோது, இரு தகப்பன்மாரும் ஐந்தாண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருக்கச் சொன்னார்கள். இருவரும் காத்திருந்தார்கள், 1933 ஜூன் 16-இல் புனாவில் கல்யாணம் நடந்தது. ஐயங்கார் வீட்டுப் பெண்ணுக்கும் பனியா வீட்டுப் பையனுக்கும் அந்தக் காலத்தில் நடந்த கல்யாணம் அது. ஒன்பது வருடம் கழித்து, பாகிஸ்தான் கோரிக்கை விஷயத்தில் முரண்பட்டு ராஜாஜி காங்கிரஸை விட்டே வெளியேறினார். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தையும் ஏற்கவில்லை. ஆனால் 1943 தொடக்கத்தில் ஆகா கான் மாளிகைக் காவலில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அங்கே போய் அவரைப் பார்த்து, பின்னாளில் ‘ராஜாஜி திட்டம்’ என்று பெயர் பெற்ற சமரச யோசனைக்குச் சம்மதம் வாங்கிவந்தவரும் இவரே. கட்சித் தீர்மானங்களை மட்டும் படிப்பவருக்கு 1942-இல் உறவு அறுந்துபோனதாகத் தோன்றும். அறுபடவில்லை என்பது குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே தெரியும். மருமகன் டெல்லியின் பெரிய நாளிதழான ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ ஆசிரியர் என்பதையும் மறக்கக்கூடாது. மாமனார் மருமகனுக்கு எழுதும் கடிதம் அப்போது வெறும் குசல விசாரிப்பு ஆகுமா?

மனைவியும் மகளும் தேர்தலில் நிற்கவில்லையே, அவர்கள் கண்ணீரை ஏன் அச்சில் ஏற்ற வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குக் காலம்தான் காவல். லாய்ட் ஜார்ஜ் இறந்து 28 ஆண்டு கழித்தே அவர் குடும்பக் கடிதங்கள் வந்தன. ராஜாஜி மறைந்து 45 ஆண்டு கழித்தே ‘மை டியர் பாபு’. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. பேரனுக்குத் தாத்தா எழுதிய பாசமான கடிதத்தைக் காட்டி, 1953-இல் அவர் கொண்டுவந்து தமிழ்நாடே எதிர்த்த கல்வித் திட்டத்தை மறக்கச் சொல்வார்களே என்பது அது. கடிதம் யாருக்கும் விடுதலைத் தீர்ப்பு எழுதித் தராது. பிள்ளைகள் பாதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற அந்தத் திட்டத்தை ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தவர்கள் எதிர்த்தது அதன் விளைவை. அந்த விளைவு எந்தக் கடிதத்தாலும் மாறாது. ஆனால் வர்ண எல்லையைத் தன் வீட்டுக் கல்யாணத்தில் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு திட்டத்தை ஏன் போட்டார் என்ற கேள்வி மேலும் கடினமாகிறது. கேள்வி கடினமாவது நல்லதே.

குடும்பத்தார் வேண்டியதை மட்டும் வெளியிடுவார்கள் என்பதும் உண்மை. லாய்ட் ஜார்ஜுக்கும் அவர் செயலாளர் பிரான்சஸ் ஸ்டீவன்சனுக்கும் 1913 முதல் இருந்த உறவு, மனைவிக்கு எழுதியவற்றிலிருந்து முழுசாகத் தெரியாது. அவர்கள் இருவரின் கடிதங்களை 1975-இல் ஏ. ஜே. பி. டெய்லர் தனி நூலாகக் கொண்டுவந்தபோதுதான் மறுபாதி வந்தது. ஒரே ஆள், அதே வருடங்கள், இரண்டு வீடுகள். ஒரு தொகுப்பை மட்டும் நம்பாதே என்பதற்கு இது காரணமாகலாம். தொகுப்பே வேண்டாம் என்பதற்கு ஆகாது.

தமிழ்நாட்டில் கடிதத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். அண்ணா ‘தம்பி’க்கு எழுதினார், கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று முரசொலியில் பல்லாயிரம் எழுதினார். அவை அரிய அரசியல் எழுத்து. ஆனால் உறவு முறை சொல்லி ஊருக்கே எழுதியவை அவை. உறவுக்காரருக்கு மட்டும் எழுதியவை வேறு. நம்மிடம் முதல் வகை அலமாரி அலமாரியாக இருக்கிறது, இரண்டாவது வகை பரணில் கிடக்கிறது. பணம் காசு பற்றிய சில கடிதங்கள் என்ன செய்யும் என்பதற்கு, வ.உ.சி.யும் காந்தியும் எழுதிக்கொண்டவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்ததே போதும். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிக் காந்தியிடம் தந்த 347 ரூபாய் 12 அணாவின் கதை அப்படித்தான் துலங்கியது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் விடுதலைப் போராட்டத்திலும் மதுவிலக்குப் பிரசாரத்திலும் இருந்தவர்களின் பேரன் பேத்திகள் வீடு மாற்றும்போது, பழைய டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. இத்தனை ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் கேட்டு ஒப்படையுங்கள். உறையையும் சேர்த்துக் கொடுங்கள். எழுதியவர் தேதி போட மறந்திருந்தாலும் தபால் முத்திரையில் நாளும் ஊரும் இருக்கும்.