பரனூர் தாண்டியாச்சு, குறுஞ்செய்தி எங்கே?

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறீர்கள். பரனூர் சுங்கச்சாவடியில், கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகை மேலே இருக்கும் கருவி படிக்கிறது. தடுப்புக் கம்பு எழும்புகிறது, நீங்கள் போய்விடுகிறீர்கள். பணம் பிடித்த குறுஞ்செய்தி சில நாள் உடனே வரும். சில நாள், நீங்கள் மாமண்டூரில் டீ குடிக்கும்போதுதான் வரும்.

அப்படியானால் பணம் கைக்கு வராமலா கம்பைத் தூக்கினார்கள்? ஆமாம். வங்கியின் பதிலுக்காக ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தினால் வரிசை சிங்கப்பெருமாள்கோவில் வரை போய்விடும். தடை செய்த டேக்குகளின் பட்டியலைச் சாவடியிலேயே வைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் டேக் இல்லையென்றால் வழி உண்டு. நீங்கள் கடந்த விவரம் பிறகு ஒரு செய்தியாகச் சாவடியின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்.பி.சி.ஐ.) வழியாக உங்கள் வங்கிக்கு வருகிறது.

அனுப்புகிறவர் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம், வாங்குகிறவர் தன் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம். அப்படி நடுவில் இருக்கும் பெட்டிக்கு மெசேஜ் கியூ (செய்தி வரிசை) என்று பெயர். வங்கிகளிடம் இருப்பது பெரிய ஏற்பாடு. அதே யோசனையின் சின்ன வடிவம் உங்கள் லினக்ஸ் கணினிக்குள்ளும் இருக்கிறது. பரனூரை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலைக்குச் சேர்ந்து, இதற்கு முதல்முறை நிரல் எழுதப்போகிறவருக்காக இந்தக் கட்டுரை. அனுப்புவது சுலபம். தப்பெல்லாம் வாங்கும் இடத்தில்தான் நடக்கிறது.

செய்தி எங்கே காத்திருக்கிறது? கர்னலிடம் (இயங்குதளத்தின் உட்கரு). அனுப்பிய நிரல் முடிந்துபோனாலும் செய்தி அங்கேயே இருக்கும். கணினியை அணைத்தால் போய்விடும்.

கியூ காலியாக இருந்தால்? நீங்கள் வேறு எதுவும் சொல்லவில்லையென்றால், வாங்க வந்த நிரல் தூங்கிவிடும். செய்தி வந்ததும் கர்னல் எழுப்பும். தூங்குவதைப் பார்த்து நிரல் உறைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். அப்போது சிபியு செலவே இல்லை. ‘வந்ததா, வந்ததா’ என்று ஓயாமல் கேட்கும் நிரல்தான் கணினியைச் சூடாக்கும். காத்திருக்கவே முடியாது என்றால், ‘காத்திருக்காதே’ என்ற குறியோடு கேளுங்கள். செய்தி இல்லை என்ற பதில் உடனே வரும்.

ஒரு சந்தேகம் வரும்: தூங்கிய நிரல் செய்தியில்லாமலே பிழையோடு எழுந்தால்? பெரும்பாலும் நடுவில் சிக்னல் (நிரலின் தோளைத் தட்டும் அவசர அறிவிப்பு) வந்திருக்கும். கியூவில் கோளாறு எதுவும் இல்லை, மறுபடி கேட்டால் போதும்.

யாருக்கு முதலிடம்? லினக்ஸில் இரண்டு வகைக் கியூ உண்டு. பழையது சிஸ்டம் ஃபைவ், பிறகு வந்தது போசிக்ஸ். பழையதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வகை எண் இருக்கும். 0 என்று கேட்டால் வந்த வரிசைப்படி கிடைக்கும். 5 என்று கேட்டால் 5ஆம் வகையில் முதலில் வந்தது கிடைக்கும். −5 என்றால், 5 வரையுள்ள வகைகளில் எந்த எண் சிறியதோ அது முதலில் வரும். போசிக்ஸில் தலைகீழ்: முன்னுரிமை எண் பெரியதுதான் முதலில். செங்கல்பட்டு ஜங்ஷனில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்கும் லோக்கல் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ்கள் வந்துகொண்டே இருந்தால் லோக்கலின் கதி என்ன என்பதையும்.

செய்தி பெரிது, நீங்கள் நீட்டிய பாத்திரம் சிறிது என்றால்? சிஸ்டம் ஃபைவில் பிழை வரும், செய்தி கியூவிலேயே தங்கும். ‘பரவாயில்லை’ என்ற குறி கொடுத்திருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டுத் தரும், வெட்டியது திரும்பக் கிடைக்காது. போசிக்ஸ் இன்னும் கறார். வந்த செய்தி 4 பைட்தான் என்றாலும், கியூவின் உச்ச அளவுக்குப் பாத்திரம் இல்லையென்றால் தராது. அந்த உச்சம் லினக்ஸில் வழக்கமாக 8192 பைட். புதியவர்கள் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: வாங்கிய பிறகு செய்தி எங்கே? கியூவில் இல்லை. வாங்குவதும் அழிவதும் ஒரே நொடியில் நடக்கின்றன. வாங்கிய அடுத்த வரியில் உங்கள் நிரல் விழுந்தால் அந்தச் செய்தி போனது போனதுதான், நகல் யாரிடமும் கிடையாது. எனவே பணம், மருந்து, தேர்வு மதிப்பெண் போன்றவற்றை இந்தச் சின்னக் கியூவை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அனுப்பியவர் ஒரு நகலை வைத்திருக்கட்டும். நீங்கள் வாங்கியதும் முதலில் வட்டில் எழுதுங்கள், பிறகு ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்புங்கள்.

அந்தப் பதில் வழியில் தொலைந்தால்? அனுப்பியவர் அதே செய்தியை மறுபடி அனுப்புவார். அப்போது இரண்டு முறை வேலை நடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, பார்த்த எண் திரும்ப வந்தால் தள்ளிவிடுங்கள். பரனூரை ஒருமுறை கடந்ததற்கு உங்கள் கணக்கில் இரண்டு முறை பணம் போயிருந்தால், டேக் கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள். பணம் பிடித்த நேரத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். டேக்கைக் கருவி படித்த நேரத்தையும் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் கணினியில் ‘ஐபிசிஎஸ்’ என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். சோதனைக்காக என்றோ திறந்து மறந்த சிஸ்டம் ஃபைவ் கியூ, யாரும் வாங்காத செய்திகளோடு அங்கே கிடக்கலாம். நீங்களாக நீக்கினால் அல்லது கணினியை அணைத்தால்தான் அது போகும்.