பியூஸ் போகவில்லை, பெட்டி உருகிவிட்டது

பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பியூஸ் நல்லாத்தான் இருக்கு, பெட்டி மட்டும் எப்படி உருகிச்சு?" டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

யமஹா எக்ஸ்.எஸ். 650 பைக்கை எடுத்துக்கொள்வோம். 1970களின் கடைசியில் வந்த மாடல்களில் நான்கு கண்ணாடி பியூஸ்கள். மெயினுக்கு 20 ஆம்பியர். ஹெட்லைட், சிக்னல், இக்னிஷன் மூன்றுக்கும் தலா 10. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கிறது. நாள்பட இந்தக் கிளிப் சூட்டில் விறைப்பு இழந்து தளர்கிறது, பச்சை பூக்கிறது. தொடுமிடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் வீணாகி, 10 வாட் சூடாக மாறுகிறது. பியூஸுக்கு இது தெரியாது. அதிக கரண்ட் ஓடினால் மட்டுமே அது அறும். அதனால்தான் பியூஸ் முழுசாக இருக்க, பெட்டி உருகுகிறது. ஹெட்லைட் மங்குவதும் பல வண்டிகளில் இதனால்தான்.

சந்தேகமிருந்தால் எல்லா லைட்டையும் போட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பியூஸின் இரு பக்கத்து ஒயர்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இடம் கெட்டிருக்கிறது. உப்புத்தாள் போட்டால் கிளிப் பளபளக்கும்; ஆனால் கிளிப்பை ஒயரோடு சேர்க்கும் ரிவெட் பின்னால் கறுத்தபடியே இருக்கும். பெட்டியையே மாற்றிவிடுவதுதான் நல்லது.

மாற்றுவதற்கு பிளேடு பியூஸ் பெட்டி சரியானது. லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த வகை, இன்று எந்தக் கார் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். தட்டையான காலை டெர்மினல் இரு பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால் அதிர்வில் நழுவாது.

பெட்டி வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். எக்ஸ்ட்ரா லைட் மாட்ட விற்கும் பெட்டிகளில் உள்ளே ஒரே தகடு எல்லா பியூஸையும் இணைத்திருக்கும். ஒரு பாசிட்டிவ் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கரண்ட் போய்விடும். நம் வண்டியில் ஓட்டம் அப்படியில்லை. பேட்டரியிலிருந்து வருவது மெயின் பியூஸ் வழியாகச் சாவிக்குப் போகிறது. சாவி திறந்த பிறகே மற்ற மூன்று பியூஸ்களுக்கும் வருகிறது. நான்கையும் அந்தத் தகட்டில் சேர்த்தால் சாவியை எடுத்த பிறகும் இக்னிஷனுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், மெயின் பியூஸும் மற்றவற்றைக் காக்காது. ஒவ்வொரு பியூஸுக்கும் உள்ளே வர ஒரு கால், வெளியே போக ஒரு கால் என்று தனித்தனியாக இருக்கும் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒயர்களில் சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வெட்டிய முனையில் செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு வரும்வரை இன்னும் வெட்டுங்கள். டெர்மினலைக் கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் மட்டும் வைத்துப் பற்றவைத்தால் ஒயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும்.

அளவை மட்டும் கூட்டாதீர்கள். பியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. 10 இருந்த இடத்தில் சிவப்பு 10 தான், மெயினில் மஞ்சள் 20 தான். அறுந்த பியூஸில் ஒயர் இழையைச் சுற்றி ஓட்டுவது, சீட்டுக்கு அடியில் தீ வைப்பது போலத்தான். கடைக்காரர் செய்து தந்தாலும் வாங்காதீர்கள்.

மாட்டி முடித்ததும் அதே நான்கு இடங்களில் திரும்ப அளந்து பாருங்கள். மூடியுள்ள பெட்டியாக, தண்ணீர் தேங்காத இடத்தில் இருக்கட்டும். சிவப்பில் இரண்டு, மஞ்சளில் ஒன்று ஸ்பேராக டூல் பையில் போட்டுவையுங்கள்.