கிசோ மலைப்பாதையில் – 3: அம்மாவின் பை

நவம்பரில் ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கே மாகோமேயை விட்டுப் புறப்பட்டோம். சுமாகோ வரை 8 கிலோமீட்டர்தான். ஆனால் எங்களோடு 9 வயது மகளும் 66 வயது அம்மாவும் வருகிறார்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கிடையே பைகளை வண்டியில் அனுப்பிவிட்டுக் கைவீசி நடக்க ஏற்பாடு உண்டு. என் கணவர் அதைச் சொன்னதும் அம்மா, “என் துணிமணிய நானே தூக்கிக்கிறேன் மாப்பிள்ளை. எனக்குன்னு இன்னொருத்தர் எதுக்குச் சுமக்கணும்?” என்று பேச்சை முடித்துவிட்டார்.

அம்மாவுக்குத் தெரியாது, அந்தப் பாதையில் அது எவ்வளவு பழைய கேள்வி என்று. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் மலைகள் வழியாக இணைத்த நகசெண்டோ சாலை சுமார் 530 கிலோமீட்டர் நீளம். வழிநெடுக 69 தங்கல் ஊர்கள். கிசோவில் இருந்த 11 ஊர்களும் அரசுப் பயணிகளுக்காக தலா 25 சுமைகாரர்களையும் 25 குதிரைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். 1861-ல் பேரரசரின் தங்கை கசுனோமியா, இராணுவ ஆட்சியாளரான ஷோகனை மணப்பதற்காக இதே வழியில் போனார். அதுவும் இலையுதிர்காலத்தின் கடைசிதான். ஆயிரக்கணக்கானோர் கொண்ட அந்த ஊர்வலத்துக்குச் சுமை தூக்க, சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயிகளையெல்லாம் வரச்சொன்னார்கள். இளவரசியின் பயணத்தை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். நான் நினைத்துக்கொண்டே நடந்தது அந்த விவசாயிகளின் தோள்களை.

ஊர் எல்லையில் வீட்டு இறவாணத்தில் தோல் சீவிய பெர்சிமன் பழங்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா நின்றுவிட்டார். காம்பில் எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் நகர மனமில்லை. ஒவ்வொரு வருஷமும் மாடியில் வற்றல் போடுகிறவர் அல்லவா!

காடு தொடங்கும் இடத்தில் ஒரு கம்பத்தில் மணி தொங்கியது. பனிக்கால உறக்கத்துக்கு முன் கரடிகள் கொட்டைகளைத் தேடி அலையும் பருவம் இது. மனிதர் வருகிறார் என்று தெரிந்தால் அவை ஒதுங்கிப்போகும், அதற்குத்தான் மணி. மகள் பலங்கொண்ட மட்டும் அடித்தாள். அதற்குப் பிறகு வந்த மணிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

801 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி இறங்கும்போது பாதையின் இருபுறமும் ஹினோக்கி மரங்கள். ஓவாரி பிரபுக்களின் ஆட்சியில் இதில் ஒன்றை வெட்டினால் வெட்டியவர் தலை போகும். குளிரில் விறகுக்குத் தவித்தவர்களும் இந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள். இறக்கத்தில் பழைய மரவீடு ஒன்றில் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை. அடுப்புப் புகை படிந்து கறுத்த உத்தரங்களுக்குக் கீழே அம்மா முதன்முறையாகப் பையை இறக்கினார்.

சுமாகோவுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. தெருவில் மின்கம்பி தெரியவில்லை, பகலில் கார் வராது. இந்த ஊர் தானாக இப்படி மிஞ்சிவிடவில்லை. 1911-ல் பள்ளத்தாக்கில் ரயில் பாதை முழுமையானதும் நடந்து வருவோர் இல்லாமல் போனார்கள். இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள், வீடுகள் சாய்ந்தன. 1968-ல் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. 1971-ல் ஊரார் கூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஏற்றது அதற்குப் பிறகு, 1976-ல்தான். கையில் பணம் இல்லாத நாளில், விலை கேட்டு வருபவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்வது எவ்வளவு கடினம்! சுமைகாரர்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பகல் பயணிகள் திரும்பியதும் தெரு ஓய்ந்தது. காகிதக் கதவுகளுக்குப் பின்னால் விளக்குகள் எரிந்தன. நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் எங்கள் அம்மாவின் பையைக் கையால் தூக்கி எடை பார்த்தார், சிரித்தார், உள்ளே போய் உலர்ந்த பெர்சிமன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. அம்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

நாளை தோரி கணவாய், 1,197 மீட்டர். படுக்கும் முன் அம்மா தன் பையைப் பிரித்தார். பொட்டலத்துக்கு இடம் போதவில்லை. சால்வையை எடுத்து மடித்து, கேட்காமலேயே என் பைக்குள் வைத்தார்.

(தொடரும்)