எடை குறையும் வரை காத்திருக்க வேண்டாம்

நம் ஆசிரியர் அறைகளில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது எது என்று கேட்டால், இடுப்பு வலி என்றுதான் நான் சொல்வேன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எழுபவருக்கும் வலி. மேல்நிலை வகுப்பில் தொடர்ந்து நான்கு பாடவேளை நின்று நடத்துபவருக்கும் வலி. தினமும் இருசக்கர வாகனத்தில் வெகுதூரம் வந்து போகிறவருக்கும், விடைத்தாள் திருத்தும் முகாமில் நாள் முழுக்கக் குனிந்திருப்பவருக்கும் வலி. நாற்பதைத் தாண்டியதும் அது என்னையும் தேடி வந்தது.

இந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடியும். "வெயிட் போட்டுட்டேன், அதான்." "முதல்ல வலி குறையட்டும், அப்புறம் வாக்கிங் போகலாம்." முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது வாக்கியம்தான் நம்மில் பலரை வலியிலேயே வைத்திருக்கிறது. அறிவியல் பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் என்ற முறையில், இவ்விரண்டையும் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைப் பகிர்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றுக்கிடையே அதிர்வைத் தாங்கும் வட்டுகள், அதாவது நாம் 'டிஸ்க்' என்று சொல்பவை, இருக்கின்றன. இவற்றைச் சுற்றி முதுகு, வயிறு, இடுப்புத் தசைகள் கூடாரத்தைக் கட்டி நிறுத்தும் கயிறுகளைப் போல நிற்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் புடைப்பு' என்று பார்த்தவுடன் நாம் பயந்துவிடுகிறோம். ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 40 வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் புடைப்பு இருந்தது. தலைமுடி நரைப்பது போல அதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளமே.

எடையின் பங்கு எவ்வளவு?

பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் விசையின் திருப்புத்திறனை இங்கே பொருத்திப் பாருங்கள். முதுகெலும்புதான் தாங்கு புள்ளி. பின்னால் உள்ள முதுகுத் தசைகள் அதிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில் இழுக்கின்றன. இப்போது 40 குறிப்பேடுகளை எடுங்கள். ஒன்று 200 கிராம் என்றால் மொத்தம் 8 கிலோ. அந்தக் கட்டைக் கையை நீட்டி 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், முதுகுத் தசை 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். உடலோடு ஒட்டி 25 செ.மீ. தொலைவில் பிடித்தால் 40 கிலோ போதும்.

வயிற்றில் கூடிய எடையும் நாம் கீழே வைக்க முடியாத ஒரு குறிப்பேட்டுக் கட்டுதான். கூடுதலான 5 கிலோ, தாங்கு புள்ளிக்கு 15 செ.மீ. முன்னால் இருந்தால், நிற்கும்போதெல்லாம் முதுகுத் தசைக்கு 15 கிலோ அளவுக்குக் கூடுதல் வேலை. இது எளிமைப்படுத்திய கணக்குதான் என்றாலும் விஷயம் புரிந்துவிடும். இது போக, கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது வெளியிடுகிறது. வலி நீடிப்பதில் அதற்கும் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

33 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டுக்குள் இடுப்பு வலி வந்திருக்கும் வாய்ப்பு இயல்பான எடை உள்ளவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதை இரண்டு பக்கமாகவும் படிக்க வேண்டும். எடைக்குப் பங்கு உண்டு. ஆனால் எடை மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். ஒல்லியான நம் சக ஆசிரியர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நாம் பார்க்கிறோமே!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 40 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் எனில் 90 செ.மீ., பெண்கள் எனில் 80 செ.மீ. என்பதற்குள் இருப்பது நல்லது. அளந்து பார்க்க ஒரு தையல் டேப் போதும்.

சுழலை எங்கே உடைப்பது?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு "பதினைந்து கிலோ குறைச்சிட்டு வாங்க" என்பதே மருத்துவ ஆலோசனையாகக் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் அசைவதற்கே பயந்தார். இடுப்புக்கு பெல்ட் வந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவர் ஆட்டோவுக்கு மாறினார். மருத்துவ விடுப்பு எடுத்து வீட்டில் படுத்தார். எடை கூடியது, தசை தளர்ந்தது, வலி அதிகமானது. வலி வந்தால் ஓய்வு, ஓய்வால் தளர்ச்சி, தளர்ச்சியால் மீண்டும் வலி என்பதே இந்தச் சுழல். இதில் எடையைக் குறைக்க மாதங்கள் ஆகும். அசைவை இன்றைக்கே தொடங்கலாம்.

ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. திடீர் இடுப்பு வலி வந்த 186 பேரில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கை ஓய்வு எடுத்தனர். இன்னொரு பிரிவினர் முதுகுக்கான பயிற்சிகள் செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தனர். விரைவில் குணமானவர்கள் மூன்றாம் பிரிவினரே. ஆக, வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாள்களில் தனிப் பயிற்சி தேவையில்லை. படுத்தும் கிடக்க வேண்டாம். அன்றாட நடமாட்டமே போதும்.

வலி தணிந்த பிறகுதான் உடற்பயிற்சியின் வேலை தொடங்குகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 21 ஆய்வுகளின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில், உடற்பயிற்சி மட்டுமே வலி வரும் வாய்ப்பை 35 சதவீதமும், பயிற்சியோடு விழிப்புணர்வும் சேர்ந்தபோது 45 சதவீதமும் குறைத்தது தெரிந்தது. பெல்ட் அணிவதால் வலி தடுக்கப்படுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பிரிவினருக்கு இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலோடு படிப்படியான நடைப்பயிற்சி தரப்பட்டது. மற்றவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கு அது 208 நாளாகத் தள்ளிப்போனது. இந்தப் பயன் எடை குறைந்தவர்களுக்கு மட்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை.

என்ன செய்யலாம்?

நடை: முதல் வாரம் தினமும் 10 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, 30 நிமிடத்தை எட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் 150 நிமிடம் கிடைத்துவிடும். வேகமாக நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

தசை வலு: வாரத்தில் இரண்டு மூன்று நாள் இவற்றைச் செய்யலாம்.
1. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்துதல். நம் யோகா வகுப்பில் சொல்லும் சேதுபந்தாசனம்தான் இது. 10 முறை.
2. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டுதல். பிறகு மாற்றிச் செய்தல். பக்கத்துக்கு 8 முறை.
3. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல். 10 முறை.

பயிற்சியின்போது லேசான வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. வலி கூடினாலோ காலுக்குப் பரவினாலோ அளவைக் குறைத்து இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளியில்: ஒரே நிலையில் அரை மணிக்கு மேல் இருக்க வேண்டாம். நின்று நடத்தினால் இடையில் வகுப்பைச் சுற்றி வாருங்கள். குறிப்பேடுகளை உடலோடு ஒட்டித் தூக்குங்கள், முடிந்தால் இரண்டு நடையாகக் கொண்டு செல்லுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனமாதல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை.

நம் வகுப்பறைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு

பருமனான குழந்தையைத் திடலில் என்ன செய்கிறோம் என்று கவனியுங்கள். "நீ உட்கார்ந்து ஸ்கோர் எழுது" என்கிறோம். அதிகம் அசைய வேண்டிய குழந்தையை நாமே உட்கார வைக்கிறோம். பிறகு தேர்வு நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொண்டு, எல்லாக் குழந்தைகளையும் உட்கார வைத்துவிடுகிறோம். நாற்பது வயதில் நாம் தேடி அலையும் தசை வலுவுக்கான அடித்தளம் அந்தப் பாடவேளையில்தான் இருக்கிறது. அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

எடையைக் குறைப்பது நல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் அது நடப்பதற்கான முன்நிபந்தனை அல்ல. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்வோம்: முதலில் நடை, பிறகு தசை வலு, எடை அதன் போக்கில் குறையட்டும். தராசு முள் நகராத மாதத்திலும் உங்கள் முதுகுக்கு அந்த நடையின் பலன் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். இன்று மாலை பள்ளி விட்டதும் திடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வண்டியை எடுங்களேன்.