கை மாறும் பத்து நிமிடம்

மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறக்குறைய 250 மில்லிலிட்டர்தான். ஒரு பெரிய டம்ளரில் அடங்கிவிடும். அதன் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் சேமியா இழையின் பருமன்தான் இருக்கும். சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் பிறவியிலேயே இடம் மாறியிருக்கும். அவற்றை வெட்டி, இடம் மாற்றி, அந்தச் சேமியா இழைகளையும் புதுக் குழாயில் பொருத்தித் தைக்க வேண்டும். இந்த ஆபரேஷனைப் பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலேயே செய்துவிடுகிறார்கள்.

சர்ஜன் கடைசித் தையலைப் போட்டதும் பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அனுபவமுள்ள செவிலியர்களுக்குத் தெரியும்: குழந்தை இன்னும் ஒரு கண்டத்தைத் தாண்ட வேண்டும். தியேட்டர் மேசையிலிருந்து ஐ.சி.யு. கட்டில் வரைக்குமான பயணம் அது.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். குழந்தையின் மூச்சுக்குழாயில் ஒரு டியூப். நெஞ்சிலிருந்து ரத்தக் கசிவை வெளியேற்றும் டிரெயின் குழாய்கள். தமனியில் ஒன்று, கழுத்துச் சிரையில் ஒன்று என மெல்லிய லைன்கள். இதயத் துடிப்பு தடுமாறினால் தூண்டிவிட நெஞ்சிலிருந்து நீளும் நூல் போன்ற பேஸ்மேக்கர் கம்பிகள். மணிக்கு ஒரு மில்லிக்கும் குறைவாகச் சொட்டும் மருந்தோடு சில சிரிஞ்ச் பம்புகள். கட்டிலுக்கு வந்ததும் இவை எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து கழற்றி இன்னோரிடத்தில் மாட்ட வேண்டும். அதோடு, ஆபரேஷனில் நடந்தவை அனைத்தையும், உடனிருந்த குழு, அவற்றைப் பார்த்திராத ஒரு புதுக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம். பெரியவர்கள் தாங்கிக்கொள்ளும் சிறு பிசகைக்கூட இந்த உடம்பு தாங்காது.

இந்தக் கண்டத்தை அறிவியலாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. 1852-ல் பத்துக் கட்டில்களோடு தொடங்கியது அது. அங்கே இதய சர்ஜனாக இருந்த மார்க் டி லெவல், தன்னிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அதை மூடி மறைக்கவில்லை. தன் கணக்கைத் தானே எடுத்துப் பரிசீலித்து 1994-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு பிரிட்டனில் 16 மையங்களில் நடந்த 243 ஆபரேஷன்களின் விவரங்களைத் திரட்டினர்; அவற்றில் பலவற்றைப் பார்வையாளர்கள் கூடவே இருந்து கவனித்துப் பதிவு செய்தனர். அந்த முடிவு 2000-ல் வெளிவந்தது. பெரிய தவறுகள் உடனே கண்ணில் பட்டன. குழு பதறி ஓடி, பெரும்பாலும் சரிசெய்துவிட்டது. ஆனால் சின்னச் சின்னப் பிசகுகளை யாரும் பொருட்படுத்தவில்லை. அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச் சேர, குழந்தை இறக்கும் வாய்ப்பு கூடியது.

அதே காலத்தில் பிரிட்டனை உலுக்கிய இன்னொரு விவகாரம், குழு ஒன்றாக இயங்காவிட்டால் என்ன ஆகும் என்று காட்டியது. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், 1991 முதல் 1995 வரை, எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தனர் என்று 2001-ல் விசாரணை அறிக்கை கூறியது. அங்கே இருந்தவர்கள் குழந்தைகள்மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, ஒரு குழுவாக இயங்கவில்லை என்பது அந்த அறிக்கையின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

சரி, குழுவாக இயங்குவதை யாரிடம் கற்பது? விடை தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது. நீண்ட ஆபரேஷன் ஒன்றை முடித்துக் களைத்து உட்கார்ந்த கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் சர்ஜன் மார்ட்டின் எலியட்டும் ஐ.சி.யு. தலைவர் ஆலன் கோல்ட்மனும் ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்த்தனர். சீறி வந்த கார் நின்றது. இருபது பேர் சூழ்ந்தார்கள். நான்கு டயர்களை மாற்றி, எரிபொருள் நிரப்பி, ஏழெட்டு நொடிகளில் அனுப்பிவிட்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் முட்டவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. குழந்தையை ஐ.சி.யு.வில் ஒப்படைக்கையில் நாம் செய்வதும் இதே வேலைதானே என்று இருவருக்கும் பொறி தட்டியது.

இத்தாலியில் உள்ள ஃபெராரி குழுவிடம் போய், குழந்தையை ஐ.சி.யு.வில் ஒப்படைக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினர். பந்தயக்காரர்களுக்குத் திகைப்பு. கட்டிலைச் சுற்றிக் கூட்டம். ஒரே நேரத்தில் பலர் பேசுகிறார்கள். ஒயரைக் கழற்றும் கையும் தகவலைக் கேட்கும் காதும் ஒரே ஆளுக்குச் சொந்தம். இங்கே யார் தலைவர் என்பதுகூடத் தெரியவில்லை! அந்நாளைய பந்தயத்திலோ, கார் புறப்படலாம் என்று சொல்லும் அதிகாரம் முன்னால் பலகை பிடித்து நின்ற ஒருவருக்குத்தான் இருந்தது.

ஃபெராரியோடு விமானப் பயிற்சி கேப்டன்கள் இருவரும் ஆலோசனை சொன்னார்கள். புது முறை உருவானது. ஒப்படைப்பு முடியும்வரை மயக்க மருத்துவரே தலைவர். குழந்தை வருவதற்கு முன்பே வென்டிலேட்டரும் பம்புகளும் தயாராக இருக்க வேண்டும். முதல் கட்டம் கருவிகளுக்கு: வென்டிலேட்டருக்கு ஒருவர், மானிட்டருக்கு ஒருவர், டிரெயினுக்கு ஒருவர், தேவையில்லாத பேச்சு கிடையாது. எல்லாம் மாட்டி முடித்த பிறகே இரண்டாம் கட்டம். மயக்க மருத்துவர், பின்பு சர்ஜன், கையில் உள்ள குறிப்பு அட்டையைப் பார்த்து வரிசையாகச் சொல்வார்கள். யாரும் குறுக்கிடக் கூடாது. கடைசியில், இனி என்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும்.

ஆய்வாளர் கென் கேட்ச்போல் தலைமையில், புது முறைக்கு முன்னும் பின்னுமாக 50 ஒப்படைப்புகளை அளந்து பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஓர் ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிசகு 3.15 ஆக இறங்கியது. சொல்லாமல் விடுபட்ட தகவல் 2.09-லிருந்து 1.07 ஆகப் பாதியானது. வேகப்படுத்துவது நோக்கமே இல்லை, இருந்தும் 10.8 நிமிடம் எடுத்த வேலை 9.4 நிமிடத்தில் முடிந்தது. ஒரே மருத்துவமனையில் நடந்த சிறிய ஆய்வுதான். எத்தனை உயிர் பிழைத்தது என்பதை அது அளக்கவில்லை. ஆனால் ஒன்றைக் காட்டிவிட்டது: புதுக் கருவி எதுவும் வாங்காமல், மனிதர்கள் நிற்கும் இடத்தையும் பேசும் வரிசையையும் மாற்றினாலே பிசகு குறையும்.

ஒப்படைப்பு ஆபரேஷனோடு முடிவதில்லை. டியூட்டி மாறும் ஒவ்வொரு வேளையும் குழந்தை கை மாறுகிறது. வட அமெரிக்காவின் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில், டியூட்டி முடிக்கும் மருத்துவர் வகுத்த ஒரு வரிசையில் தகவல் சொல்ல, வாங்குகிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிறகு இதே முறையில் பெற்றோரையும் சேர்த்து, கட்டிலருகே அவர்களுக்குப் புரியும் சொற்களில் பேசி, அவர்கள் சொல்வதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தீங்கு விளைவிக்கும் தவறுகள் 38 சதவீதம் குறைந்தன என்று 2018-ல் இன்னொரு ஆய்வு காட்டியது.

இதில் வியப்பு இல்லை. மருத்துவர் மாறுகிறார், செவிலியர் மாறுகிறார். மாறாமல் கட்டிலருகே இருப்பது தாயும் தகப்பனும்தான். "நேற்று இப்படி மூச்சு வாங்கவில்லையே" என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பெற்றோரின் கவலைக்குக் காது கொடுக்காததால் மார்த்தா என்னும் 13 வயதுச் சிறுமி ரத்தத்தில் கலந்த தொற்றுக்குப் பலியான பிறகு, இங்கிலாந்தில் 2024-ல் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வரத் தொடங்கியது. கவனிக்கும் மருத்துவர் அலட்சியமாக இருப்பதாகத் தோன்றினால், குடும்பத்தினர் வேறொரு மருத்துவக் குழுவை நேரடியாக அழைக்கலாம்.

எனவே, குழந்தையோடு மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் டியூட்டி மாறும் நேரத்தைக் கவனித்து வையுங்கள். அலர்ஜி எதற்கு, எடை எவ்வளவு, காலையிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதிதாக வருகிறவரிடம் அதைச் சொல்லுங்கள், புரியாததைக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அந்தக் குழுவில் நீங்களும் ஒருவர்.