மன்னிப்பும் இழப்பீடும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை மதுராந்தகம் ஏரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்துக்கு வருவோர் இச்சாலையால்தான் வருகின்றனர். ஆகஸ்டு மாத இறுதியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் பலரும் இதன் ஓரமாகவே இரவும் பகலும் நடக்கின்றனர். இச்சாலையில் நடக்கும் விபத்துக்களை நம் பங்குக் குடும்பங்கள் செய்தித்தாளில் மட்டுமா படிக்கின்றன? கல்லறைத் தோட்டத்திலும் காண்கின்றன.

2022 டிசம்பர் 7 அன்று மதுராந்தகத்தை அடுத்த ஜானகிபுரத்தில், திருவண்ணாமலைத் தீபம் கண்டு சிறு சரக்கு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த ஆறு பேர் லாரி விபத்தில் மாண்டனர். அவர்கள் வேறு சமயத்தார். ஆனால் பயணம் செய்த விதத்தில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை. திருவிழாவுக்கும், புதுநன்மைக்கும், துக்க வீட்டுக்கும் சரக்கு வண்டியின் பின்புறத்தில் பாய் விரித்து உட்கார்ந்து போகாத ஊர் நம் மறைமாவட்டத்தில் எது? இதைப் பற்றிச் சட்டம் சொல்வதைப் பின்னர் பார்ப்போம்.

விபத்து நடந்த வீட்டில், அடக்கம் முடிந்து ஏழாம் நாளோ முப்பதாம் நாளோ பூசை ஆனபின், ஒரு கேள்வி மெல்ல எழும்: வழக்குப் போடலாமா? அதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று நீதிமன்றத்தைப் பற்றிய அச்சம். மற்றொன்று மனச்சான்று. “போன உயிரைப் பணமா திருப்பித் தரும்? ஓட்டியவனை மன்னித்துவிட்டோம், விட்டுவிடுவோம்” என்று சொல்லும் தாய்மார்களை நாம் அறிவோம். அந்த உள்ளம் பெரிது. ஆயினும் அங்கே இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

மன்னிப்பு என்பது புண்பட்டவர் தரும் கொடை. ஈடுசெய்தல் என்பது புண்படுத்தியவரின் கடமை. சக்கேயு ஆண்டவரை வீட்டுக்கு ஏற்றுக்கொண்ட அன்றே, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அறிக்கையிட்டார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, கணக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல சமாரியரும் வெறும் இரக்கத்தோடு நின்றுவிடாமல், சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்செலவையும் ஏற்றுக்கொண்டார். 2007 ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருப்பீடத்தின் குடிபெயர்ந்தோர் மேய்ப்புப்பணி அவை, சாலையில் செல்வோருக்கென வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகள் உள்ளன. விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. குற்றம் இழைத்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க காலத்தில் சந்திக்கச் செய்து மன்னிப்பின் விடுதலையை இருவரும் உணரச் செய்ய வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் ஒன்றுக்கு ஒன்று பகை என்று கருதவில்லை.

அன்றியும், இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து வருவதன்று. 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே, சாலையில் ஓடும் வண்டி பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்குக் காப்பீடு இருந்தே தீரவேண்டும் என்று விதித்தது. 1989 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆண்டுதோறும் வண்டிக்காரர்கள் எல்லாரும் கட்டிவரும் பொதுப் பணத்திலிருந்து அனாதையான குழந்தைக்கு ஒரு பங்கு போகிறது. அதைக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

“ஓட்டுநரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டதே, இனி என்ன கிடைக்கும்?” என்று மனம் தளர்வோரும் உண்டு. இவர்களுக்கு நம் மாநிலத்திலிருந்தே போன ஒரு பழைய வழக்கைச் சொல்லலாம். ஒரு தனியார் பேருந்து இருட்டிய பின் சென்றுகொண்டிருக்கையில், தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் எட்டுப் பேர் அங்கேயே இறந்தனர். ‘இது தெய்வச் செயல்’ என்று சொல்லிக் குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் எனக் கண்டது. உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. பேருந்து உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1980 ஆம் ஆண்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். தண்டிப்பதற்கு வேண்டிய கடுமையான நிரூபணம் வேறு, இழப்பீட்டுக்கு வேண்டிய நிரூபணம் வேறு என்பதை அத்தீர்ப்பு உறுதியாக்கியது. அங்கே கொஞ்சம் ஐயம், இங்கே கொஞ்சம் மறைவு என்று சொல்லி உரிமையாளர் தப்பவிடக்கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்ததோடு, போதிய தீர்ப்பாயங்களை அமைக்காமல் வழக்குகளை இழுத்தடிப்பதையும் அது கண்டித்தது. இன்றும் நாடெங்கும் நீதிமன்றங்கள் எடுத்தாளும் தீர்ப்பு இது.

எங்கே வழக்கிடுவது? விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் இடலாம். வாதி வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் இடலாம். மதுராந்தகம் சார்பு நீதிமன்றமும் அத்தகைய தீர்ப்பாயமாக அமர்கிறது. ஆகவே திருச்சிப் பக்கம் விபத்தில் மகனை இழந்த மதுராந்தகத்துத் தாய் அங்கும் இங்கும் அலைய வேண்டியதில்லை. கால எல்லையை மட்டும் மறக்கலாகாது. 2019 ஆம் ஆண்டின் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற விதி மீண்டும் புகுந்தது. இவ்விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியோர் உண்டு. ஆனால் அந்த வழக்கை நம்பிக் காலம் கடத்துவது விவேகமன்று.

காவல் நிலையமும் இப்போது வெறும் முதல் தகவல் அறிக்கையோடு நிற்க முடியாது. அதே 2022 விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும். கேட்டு வாங்குவோருக்கு இவை நடக்கின்றன; கேளாதோருக்கு எப்போதும் நடப்பதில்லை என்பது நம் கருத்து. குடும்பத்தார் சேர்த்து வைக்கவேண்டிய தாள்கள் சில: பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள், மருந்துக் கடை ரசீதுகள், வருமானத்துக்கும் வயதுக்கும் சான்று. பள்ளிச் சான்றிதழ் இல்லாத முதியோருக்குப் பங்குப் பதிவேட்டிலுள்ள ஞானஸ்நானச் சான்றிதழும் உதவக்கூடும்.

தொகையை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பது பலருக்குப் புரியாத புதிராக இருக்கிறது. புரிந்துகொண்டால் குறைந்த தொகைக்குக் கையெழுத்திட்டு ஏமாறமாட்டோம். மாதம் 12,000 ரூபாய் ஈட்டிய 32 வயதுக் கொத்தனார் ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தனர். 2017 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பின்படி, சொந்தத் தொழில் செய்து 40 வயதுக்குள் இறந்தவரின் வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்க்கவேண்டும். ஆக, மாதம் 16,800, ஆண்டுக்கு 2,01,600. நால்வர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒன்றைக் கழித்தால் 1,51,200 நிற்கும். 31 முதல் 35 வயது வரை 16 ஆல் பெருக்கவேண்டும் என்பது 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த அட்டவணை. விடை 24,19,200 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்த துயர் முதலியவற்றுக்குரிய தொகைகள் இதற்கு மேல். எதிர்கால உயர்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வருவதோ 17,28,000 தான். ஏறத்தாழ ஏழு இலட்சம் ரூபாய் ஒரே வரியில் மறைந்துபோகக்கூடும்! வீட்டுக்குள் உழைக்கும் தாய் இறந்தாலும், அவளுக்கு வருமானமில்லை என்று தள்ளிவிட முடியாது; இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிட்டே தீரவேண்டும் என்று 2021 சனவரியிலும் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது.

கவனக்குறைவை மெய்ப்பிக்க இயலாதவருக்கும் வழியுண்டு. யார் தவறு என்று பாராமலேயே, இறப்புக்கு ஐந்து இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் பெறச் சட்டத்தின் 164 ஆம் பிரிவு இடந்தருகிறது. மோதிவிட்டு மறைந்துபோன வண்டியாயின், வருவாய்த்துறை வழியாக விண்ணப்பித்து இறப்புக்கு இரண்டு இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறலாம். இரவில் சாலையோரம் அடிபட்டு இறந்த நடைப்பயணியின் குடும்பத்தார், வண்டி எண்ணே தெரியாதே என்று எண்ணி, இதைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர்.

இனிச் சரக்கு வண்டிக்கு வருவோம். சரக்கு ஏற்றும் வண்டியில் ஆட்கள் ஏறிச் சென்றால், அவ்வண்டியின் கட்டாயக் காப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சரக்குக்கு உரியவரும் அவருடைய ஆளும் மட்டுமே விலக்கு. எதிரே வந்த வேறு வண்டியின் தவறாயின் அதன் காப்பீட்டாரிடம் கேட்கலாம். இரு வண்டிகளும் தவறியிருந்தால் அவற்றுள் ஒன்றைப் பொறுப்பாக்கியும் முழுத் தொகை கேட்கலாம். ஆனால் நாம் ஏறிய வண்டி மட்டுமே கவிழ்ந்தால், உரிமையாளரைத்தான் துரத்தவேண்டும். அவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், நம் பங்கைச் சேர்ந்தவர், வண்டிக் கடனை இன்னும் கட்டி முடிக்காதவர். திருத்தலத்துக்குப் பங்கு சார்பில் ஆட்களை அழைத்துச் செல்வோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். பேருந்து வாடகை அதிகம்தான். இருந்தாலும் ஒரு வண்டிக்காரரின் வீட்டை விற்பதைவிட அது மலிவு.

வழக்குத் தொடுக்கப்படும் பக்கத்தில் நம்மவர் நிற்பதும் உண்டு. அங்கே நாம் கண்ட துன்பங்கள் பெரும்பாலும் கவனமின்மையால் வந்தவை. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகள் ஐந்தாண்டுக் காப்பீட்டோடு விற்கப்படுகின்றன. ஐந்தாண்டு நிம்மதியாக இருந்த குடும்பம் ஆறாம் ஆண்டில் அதை மறந்துவிடுகிறது! விற்ற வண்டியின் பெயரை மாற்றாமல் விட்டவர், பதிவேட்டில் தம் பெயர் இருக்கும்வரை தாமே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உரிமமில்லாத மகனிடம் சாவியைக் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் தந்தையிடம் வசூலிக்க 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழி வைத்திருக்கிறது. மகன் பதினெட்டு வயது நிரம்பாதவனாயின், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு.

அரசுப் பேருந்தால் இறந்தவரின் குடும்பம் வேறொரு சோதனையைச் சந்திக்கிறது. தீர்ப்பு வந்தும் பணம் வராமல், கடைசியில் நீதிமன்ற ஊழியர் வந்து பேருந்தை ஜப்தி செய்யும் காட்சி நம் ஊர் நிலையங்களில் புதிதன்று. பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்தை ஓட்டிச் செல்லும் அக்காட்சியைக் கண்டு சிரிப்பாரும் உண்டு. அதன் பின்னே ஒரு விதவை எத்தனை ஆண்டு காத்திருந்தாள் என்பதை அவர்கள் அறியார்.

மருத்துவமனை வாயிலிலேயே வந்து நிற்கும் தரகர்களைப் பற்றியும் ஒரு சொல். ‘செலவு எங்களுடையது, வருவதில் பாதி உங்களுடையது’ என்பது அவர்கள் பேச்சு. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டு வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்வது வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கே முரண். வெற்றுத்தாளில் கையெழுத்து ஒருபோதும் வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரை அமர்த்தித்தர 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்துக்கொள்வதும் நல்லதே. ஆனால் அங்கே ஒப்பிய தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. மேலே கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே ஒப்பவேண்டும்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட மேல். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், மதுராந்தகத்துக்குத் தெற்கே மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பெற்றது. 2025 மே மாதம் முதல் நடுவணரசின் திட்டமும் ஏழு நாள் வரை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்கு வகை செய்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைச் சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது என்பதும் இன்று சட்டம்.

தீர்ப்பாயம் வழங்கும் பணத்தில் சிறுவர்களின் பங்கு, அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இடப்படும். அதன்மேல் கடன் வாங்கவும் அனுமதியில்லை. கல்லாத விதவையின் பங்கையும் இவ்வாறே காக்கவேண்டும் என்று கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. உறவினர் சிலர் இதைக் கண்டு சினப்பர். பிள்ளையின் படிப்புக்கோ அவசர மருத்துவத்துக்கோ தேவையாயின், காரணத்தைச் சொல்லித் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்து வேண்டிய அளவை எடுக்கலாம். வைப்புச் சீட்டின் எண்ணையும் முதிர்வு நாளையும் எழுதி, குடும்ப வேதாகமத்துக்குள் ஒரு படி, தாயின் கையில் ஒரு படி என வைத்துக்கொள்வது நலம்.